நடுவில் அழகு

“காப்பி குடிச்சியா?”

கருப்பம்மாக்கா கேட்டாள்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

என்னைத்தான் கேட்டிருக்கிறாள்.

காலையில் அவளுக்கு இங்கே வேலையே கிடையாது. நான்தான் வழக்கம்போல் வாளியோடு வந்து நிற்கிறேன்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. அழகு எங்கள் இருவருக்கும் பொதுவான பசு. காலையில் நான் கறந்துவிட்டு மேய்ச்சலுக்குக் கட்டுவேன். மாலையில் அவள் அவிழ்த்து வந்து கறப்பாள்.

என் மகள் நிச்சயத்தன்று ஒரே ஒரு மாலைப் பாலைக் கேட்டேன். தரவில்லை. டின் பாலில் பாயசம் வைத்தேன்.

அன்றைக்கு நின்ற பேச்சு. ஒன்பது வருஷம்.

பேச வேண்டியதை எல்லாம் அழகிடம்தான் பேசினோம்.

“அழகு, உன் காலைப் பால்காரிகிட்ட சொல்லு, புண்ணாக்கு முடிஞ்சிருச்சுலா” என்பாள், கொம்பைப் பார்த்து.

“சாயங்காலப் பால்காரிதானே சுங்காய் டவுனுக்குப் போறாங்க, வாங்கிட்டு வரச் சொல்லு. எனக்கு முட்டி வலி” என்பேன் நான், வாலைப் பார்த்து.

அழகு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் சொன்னாள்: “மூணு நாளாச்சு. அவள சாப்பிடச் சொல்லு அழகு.”

இப்போது நேராக என்னிடம் கேட்கிறாள்.

கேட்டது காப்பியைத்தானா? இல்லை, அதற்குள் வேறு கேள்வி இருக்கிறதா? குடித்தேன் என்றால், எப்படி இறங்கியது என்பாளோ? இல்லை என்றால், வேஷம் என்பாளோ?

எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது என்றே புரியவில்லை.

பழக்கத்தில், அழகின் கொம்பு இருக்கும் உயரத்தில் பார்த்தேன்.

செம்பனைத் தோட்டம் தெரிந்தது.

முளையில் கயிறு மட்டும் சுற்றிக் கிடந்தது.

செம்பனை அடியில் புல் சாக மருந்து அடித்திருந்தார்கள். புல் கருகியிருக்கவில்லை, பச்சையாகத்தான் இருந்தது. நேற்று மாலை கறக்கும் நேரத்துக்கு முன்பே அழகு நான்கு காலையும் நீட்டிவிட்டது. இருட்டுவதற்குள் தோட்டத்து ஆட்கள் வந்து குழி வெட்டினார்கள்.

அங்கே கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தெரிந்து கேட்கவில்லையா, தெரியாமலா?

வாளியைக் கீழே வைத்தேன்.

“நேத்து அங்க கொண்டு போயிக் கட்டுனது நான்தான்க்கா,” என்றேன், செம்பனையைப் பார்த்து.

“அது தெரியும். நான் காப்பியக் கேட்டேன்,” என்றாள் கருப்பம்மாக்கா. “இங்க பாத்துச் சொல்லு.”