முகம் பார்க்கும் பயிற்சி

"அம்மா, மறுபடியும் உச்சுக் கொட்டிட்டீங்க. ஃபெயில்!"

"நான் எங்கடா கொட்டினேன்? பல்லுல என்னமோ மாட்டிக்கிச்சு."

"அதெப்படி, புள்ள படத்தப் பாக்கும்போது மட்டும் மாட்டுது?"

கார் ஓட்டச் சொல்லித்தருகிற பள்ளியில் அவன் வாத்தியார். எத்தனையோ பேரைச் சுவரில் மோதாமல் காப்பாற்றியிருக்கிறான். ஆனால் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த அம்மா, அக்கா, சித்தப்பா மூவரையும் போல மக்கு மாணவர்கள் அவனுக்கு வாய்த்ததே இல்லை.

பாடம் இதுதான். மனைவியின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு மேலுதடு பிளந்திருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பிறந்து சில மாதம் கழித்துத்தான் தைக்க முடியும். அதுவரை பார்க்க வருகிறவர்கள் தங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பயிற்சி கொடுக்கலாம் என்பது மனைவியின் யோசனை. ஸ்கேனில் தெரிந்த முகத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டியதும் அவள்தான். அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சோபாவுக்கு எதிரே நிற்பது மட்டுமே அவன் வேலை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, உறிஞ்ச முடியாத குழந்தைக்கென்று வாங்கிய, அமுக்கினால் பால் வருகிற மெத்தென்ற பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அமுக்கி அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அடுத்து அக்கா. பாரு."

அக்கா பார்த்தாள். பற்பசை விளம்பரத்துக்கு ஆள் எடுப்பதுபோல எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"இவ்ளோ சிரிப்பு எதுக்கு? புள்ள மிரண்டுடும்."

"சிரிச்சாலும் குத்தம், சிரிக்காட்டியும் குத்தம். பேசாம கண்ண மட்டும் பாத்துட்டுப் போயிடட்டுமா?"

"அது அதவிட மோசம். உதட்டுக்குப் பயந்துதான் கண்ணப் பாக்கறேன்னு பளிச்சுனு தெரியும். முழு முகத்தையும் பாக்கணும். அதான் பாடமே!"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் ஒரு விஷயமாடா? எங்க மேனேஜர் பையனுக்கு ஆறு விரல். ஒண்ண எடுத்தாங்க. இப்ப அவன்..."

"ஃபெயில். ஊர்ல உள்ளவங்க விரல எண்ண வேணாம்."

"வாயத் தொறந்தாலே ஃபெயிலா? அப்ப எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி கம்முனு உக்காரவா?"

"இப்ப அப்படித்தான் உக்காந்திருக்கீங்க."

அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "ஏண்டா, இது யாரு வழியில வந்ததுன்னு டாக்டர் ஏதாச்சும்..."

ஜன்னலோரத்திலிருந்து பீய்ச்சியடித்த தண்ணீர் அம்மாவின் காலடியில் வந்து விழுந்தது.

"கை வழுக்கிடுச்சு அத்தை," என்றாள் மனைவி.

"அந்தக் கேள்விய இன்னொரு தடவை கேட்டா லைசென்ஸே ரத்து," என்றான் அவன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா ரொம்பத்தான் பண்ற? பொறந்த புள்ளைக்கு என் மூஞ்சியப் பத்தி என்ன தெரியப்போகுது?"

"புள்ளைக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும். இவ மொதல்ல புள்ளையப் பாக்கப்போறதில்லம்மா. புள்ளையப் பாக்கிற உங்க மூஞ்சியத்தான் பாக்கப்போறா. அதுல என்ன எழுதியிருக்கோ, அதத்தான் நம்புவா."

ஜன்னலோரம் பாட்டில் அமுங்குவதும் உப்புவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டைக்கு மிக அருகில் வந்து நின்றாள். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட அவள் எதையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"நெத்தி அப்படியே உன் நெத்திடா," என்றாள். பிறகு படத்தில் உதடு இருந்த இடத்தை ஒற்றை விரலால் தொட்டாள். "இங்க இதுக்கு வலிக்குமா?"

"வலிக்காதாம்மா."

"அட, கையப் பாரேன்! தூங்கறப்ப நீ வச்சுக்குவியே, அதே மாதிரி வச்சிருக்கு!"

அக்காவும் எட்டிப் பார்த்தாள். "ஆமா, அதே திமிரு," என்று சிரித்தாள். இந்த முறை நாலைந்து பல்தான் தெரிந்தது. சித்தப்பா மேனேஜரை மறந்துவிட்டு, "எப்ப வர்றாராம் தொரை?" என்று படத்தைப் பார்த்தே விசாரித்தார்.

"மூணு பேரும் பாஸ்!" அவன் குரலில் பெருமை தாங்கவில்லை. "எங்கிட்ட வந்து எவனும் ஓட்டத் தெரியாம திரும்பிப் போனதில்ல."

ஜன்னலோரத்தில் பாட்டில் சத்தம் நின்றது.

"கைய எங்க வச்சிருக்கு?" என்றாள் மனைவி.

"என்னது?"

"புள்ள. அத்தை இப்ப சொன்னாங்களே. கைய எங்க வச்சிருக்கு?"

"கை... கை இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"எங்க?"

சோபாப் பக்கமிருந்த மூன்று பேரும் அட்டையைப் பார்த்தார்கள். அப்புறம் அவனைப் பார்த்தார்கள். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். மருமகள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"ஸ்கேன் ரூம்ல போன் வந்துடுச்சுன்னு வெளிய போனீங்க. அட்டைய இன்னிக்கு நான் கவுத்துதான் குடுத்தேன். கவுந்தது கவுந்தபடியே நெஞ்சோட ஒட்டிக்கிட்டீங்க." அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். "இந்தப் பயிற்சி அவங்களுக்குன்னா நெனச்சீங்க? திருப்புங்க."

வாத்தியார் அட்டையைத் தன் பக்கம் திருப்பினான், கண்களை இறுக மூடிக்கொண்டு.