இரண்டாவது குரல்

இன்னொரு ஆண் தவளை!

அவள் மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உற்றுக் கேட்டாள்.

மூங்கில் தண்டின் பொந்துக்குள்ளிருந்து அவளுடைய தவளை கத்தியது. டிக், டிக். புதருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று பதில் சொன்னது.

மூன்று மழைக்காலமாக இந்தச் சரிவில் அவள் கேட்டது ஒரே ஒரு குரலைத்தான்.

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் ரூபனிடம் சொல்ல வேண்டும். கூட ஆராய்ச்சி செய்கிறவன். வருகிற தையில் கணவன். இந்த அபூர்வத் தவளை இருக்கும் இடம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று பேச்சு.

முட்டி போட்டு நகர்ந்தாள்.

இரண்டாவது குரல் நின்றது.

“தூறல். காத்து இல்ல. மூங்கிலுக்குள்ள முட்டை இருக்கு. ஆண் காவலுக்கு இருக்கு.”

பெண் குரல். அவளுடைய குரலேதான்.

ஒவ்வொரு ஒலிப்பதிவின் முடிவிலும் அன்றைய நிலவரத்தைச் சொல்லி வைப்பது அவர்கள் வழக்கம். இந்தப் பதிவை அவள் ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

இலைகளை விலக்கினாள்.

வேர் மேல் ஒரு செல்போன். சுற்றிலும் கேமராவும் கையுமாக வெளியூர்க்காரர்கள் நாலு பேர். நடுவில் ரூபன்.

அவன் முகம் வெளுத்தது. பிறகு சமாளித்துச் சிரித்தான்.

“சாரிப்பா. கடைசியில நீ பேசுறத வெட்ட மறந்துட்டேன்.”

அதற்குத்தான் மன்னிப்பு!

போன் மறுபடி கத்தத் தொடங்கியது.

பொந்திலிருந்து தவளை வெளியே வந்தது. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு. போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று நம்பி, தொண்டையை உப்பிக்கொண்டு, முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தது. அதற்குப் பின்னால் பொந்தின் வாயில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

கேமராக்கள் படபடத்தன.

அதைத் தொடுவதென்றால் ஓடையில் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவாள். தோலாலும் மூச்சுவிடுகிற உயிர். காய்ந்த கை பட்டால் தாங்காது. அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே ரூபன்தான்.

அவள் ஈர மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள்.

தவளையின் மேல் எறிந்தாள்.

“உள்ள போடா!”

ஒரே தாவு. பொந்துக்குள் போய்விட்டது.

அது போன பிறகும், ரூபனைப் பார்த்தபடி, அவள் மண்ணை அள்ளுவதை நிறுத்தவில்லை.