கோடிட்ட இடம்

ஹில்டா ஹெட்போனைக் காது சிவக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தாள். "லெஃப்ட்" என்பது கேட்டது. பிறகு புஸ்ஸென்று ஓர் இரைச்சல். பிறகு "நெர்வ்". நடுவில் இருந்த நரம்பின் பெயரை எந்தப் பிசாசு கொண்டுபோனதோ தெரியவில்லை.

டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். மறுபடியும் அதே புஸ். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காலையில் இரண்டு காதிலும் விட்டுக்கொண்டு வந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சேலையூர்ப் பக்கம் இருந்த அந்த நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில், டாக்டர் வேதசிரோமணி நோயாளிகளைப் பற்றி டேப்பில் பேசி அனுப்புவார். அதைக் கேட்டு டைப் அடிப்பது ஹில்டாவின் வேலை. ப்ளூரா, ப்ராங்கஸ், ஹைலம் என்று நுரையீரல் பாகங்களின் பெயர்கள் எல்லாம் அவளுக்கு அடுக்களைச் சாமான்களைப் போலப் பழகியவை.

காதில் சரியாக விழாத சொல்லை ஊகித்து அடிக்கக் கூடாது, கோடு போட்டு இடம் விட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான சட்டம். போன வருஷம் வரை அவள் அடித்த ரிப்போர்ட்டில் ஒரு கோடு விழுந்ததில்லை. இப்போதோ கோடுகளுக்கு நடுவே தேடித்தான் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"என்னம்மா இது? ரிப்போர்ட்டா, பல்லு போன வாயா?" என்று தாளை ஆட்டிக்கொண்டே வந்தார் சூப்பரின்டென்டென்ட் பட்டாபிராமன்.

"மெஷின்ல ஏதோ கோளாறு சார்."

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லேன்னு மெக்கானிக் நேத்திக்கே சொல்லிட்டானே. 'ஹலோ, ஹலோ'ன்னு அவன் பேசிப் போட்டுக் காட்டினப்போ கணீர்னு இருந்துதே. நீங்களும்தானே ஹெட்போனை மாட்டிண்டு தலையை ஆட்டினேள்?"

ஆட்டியது வாஸ்தவம்தான்.

பட்டாபிராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோளாறு எங்கேன்னு என் வாயால சொல்ல வைக்காதீங்கோ. டாக்டர்ட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ. அதுதான் கௌரவம்."

ஹில்டாவின் அப்பா அசரியா வாத்தியாருக்கும் நாற்பது வயதில்தான் காது போனது. பையன்கள் வாயை மட்டும் அசைத்து வேடிக்கை காட்டினார்கள். மனுஷர் அவமானம் தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, சாகும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஹில்டாவுக்கு இந்தப் பங்குனியோடு நாற்பது. புருஷன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். செவிட்டு டைப்பிஸ்டை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்?

அரைகுறை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். அவரை நேரில் பார்த்தே பல வாரமாகியிருந்தது. டேப் மட்டும்தான் அட்டெண்டர் கையில் வந்துகொண்டிருந்தது.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். ஏதோ சொன்னார். உதடு அசைந்ததே தவிர ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை.

"நான் வேலையை விட்டுடறேன் சார். எனக்குக் காது போயிடுச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. மெஷின் மேல பழியைப் போட்டு இத்தனை நாள் ஓட்டிட்டேன்" என்று அழுதாள்.

டாக்டர் எழுந்து வந்து, கண்ணை மூடிக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் முதுகுக்குப் பின்னால் பிடித்தார்.

டிக், டிக், டிக்.

"கேக்குது சார்!"

இன்னும் தள்ளிப் பிடித்தார். வலப்பக்கம், அப்புறம் இடப்பக்கம்.

"இந்தக் காதுலயும் கேக்குது சார்! நல்லாக் கேக்குது!"

டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஹில்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! அப்போ மெஷின்தான் சார். அந்த மெக்கானிக் நம்மள நல்லா ஏமாத்திட்டான்."

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். அவள் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி, பேனாவை எடுத்து, கோடுகளின் மேல் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். கடைசிக் கோட்டில் ஒரே ஒரு சின்ன "நாட்". ஆபரேஷன் செய்யலாம் என்று ஹில்டா நினைத்துக்கொண்டிருந்தது, செய்ய முடியாது என்றாகிவிட்டது.

அவள் முதலிலிருந்து படித்தாள். ஆண், வயது ஐம்பத்திரண்டு. இடது நுரையீரலில் புற்றுக்கட்டி. அது தொண்டைக்குப் போகும் நரம்பை நெரிப்பதால் இடப்பக்கக் குரல் நாண் அசையவில்லை.

"பாவம் சார் இந்த மனுஷன்" என்றாள். வேலை பிழைத்த சந்தோஷத்தில் இருந்தவளுக்கு உடனே தாளை மெஷினில் மாட்ட வேண்டும் போல இருந்தது. "இப்பவே சுத்தமா அடிச்சுக் குடுத்துடறேன் சார். பேஷண்ட் பேர்தான் டேப்ல எத்தனை தடவை ஓட்டியும் கிடைக்கல. அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க."

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். கழுத்து நரம்பு புடைக்க, மூச்சைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்.

"நான் சொல்லவே இல்லம்மா. என் பேரைப் போட்டுக்கோ."