மலைமேல் இன்டர்வியூ

"'கோவம் வருமா?'ன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"யாரோடயும் அனுசரிச்சுப் போவேன் பாவா."

"ஆங்... இப்படிச் சொல்லு, வேலை உனக்குத்தான்!"

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி போகும் பஸ்ஸில் அக்காள் புருஷன் தீனதயாளன் கேள்வி கேட்க, தேவிப்பிரியா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். எம்.காம். முடித்து நான்கு இன்டர்வியூ போய்விட்டாள். நான்கிலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இதுவும் போனால் வீட்டுத் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அவள் படிப்பை மதித்த ஒரே மனிதர் பாவாதான். அப்பாவிடம் சண்டை போட்டு இந்த வாய்ப்பைக் கொண்டுவந்தவரும் அவரே. சென்னையில் ஏற்றுமதி கம்பெனி நடத்தும் அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனைப் பார்க்க வருவாராம். மலைமேலேயே பேசி முடித்துவிடலாம் என்றாராம்.

"சுடிதார் போட்டுகினு வந்திருப்பேன். அம்மாதான் பட்டுப்புடவைய கட்டிவிட்டுடுச்சு."

"கோயிலாச்சே பிரியா. லட்சணமா வந்தா இன்னா கெட்டுப்போச்சு?"

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மாள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற இளைஞனை டிரைவர் என்று நினைத்துக்கொண்டாள் தேவிப்பிரியா.

ஃபைலை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்மா. உன்னைப் பத்திச் சொல்லு."

சொன்னாள். ஊரை விட்டு வருவியா என்றார், வருவேன் என்றாள். கோபம் வருமா என்றார், அனுசரித்துப் போவேன் என்றாள். பாவா சொல்லிக்கொடுத்த கேள்விகள் ஒன்றுவிடாமல் வந்தன. நாக்கு இன்று சொன்னபடி கேட்டது.

"எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது" என்றார் அந்த அம்மாள்.

தேவிப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே பாவாவின் காலில் விழலாம் போலிருந்தது. முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த அம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினார். "வேணு, உனக்குப் புடிச்சிருக்குதாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

தேவிப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவோ அம்மாவோ ஏமாற்றியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். பாவாவுமா என்று அவர் பக்கம் திரும்பினாள்.

"பாவா..." என்றாள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம்ங்க" என்றார் அந்த அம்மாள், அவரிடம். "எங்க வீட்டு மருமகளை நாங்க வேலைக்கு அனுப்பறதில்ல. பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்கதானே?"

பாவா வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"அவளுக்கு அந்த ஆசையே கிடையாதுங்க!"