கலியாணப் படம்

சவர்க்கார விளம்பரத்தில் பொங்கிய நுரையை வெட்டித்தான் எமிலி தன் அக்காவுக்கு வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

படம் சுவரில் ஏறியதும் வீடே சிரித்தது.

கலியாணத்தன்று கொட்டிய மழையில் யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் வந்து சேரவில்லை. அதற்காக அக்கா மேரிஜோசப்பின் அழுத அழுகையைக் கரம்பொன் ஊரில் கேளாதவர் இல்லை.

எமிலிக்குப் பொறுக்கவில்லை. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட புத்தகங்களையும் பழைய சஞ்சிகைகளையும் அள்ளி வந்தாள். கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். கோயிலில் நடந்த கலியாணத்தை அப்படியே ஒரு பெரிய மட்டையில் ஒட்டி முடித்தாள்.

மாப்பிள்ளையின் மீசை, தடித்த தலைப்பு எழுத்துகளின் கறுப்பு. பெரியப்பாவின் வழுக்கை, பூமிசாத்திரப் புத்தகத்தின் முழு நிலா. அதைக் கண்ட பெரியப்பா தன் தலையைத் தடவித் தடவிச் சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள்.

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மா பிலோமினம்மா மட்டும் படத்தை விட்டு அசையவில்லை; எமிலி வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றாள்.

பிலோமினம்மாவின் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து, படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த எமிலிக்குப் பக்கத்தில் நின்றவனிடம் வந்து நின்றது. ஆள் நெடுவல், எல்லோரையும் விட ஒரு தலை உயரம். இடுப்பில் குறுக்கெழுத்துப் போட்டியின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் வெட்டிய சாரம்.

"இது ஆரடி? இவன் கலியாணத்துக்கு வரேல்லையே!"

"இடம் மிஞ்சிக் கிடந்தது அம்மா... சும்மா ஒட்டினனான்."

அந்தக் கட்டச் சாரம் யாருடையது என்று ஊர்காவற்துறை இறங்குதுறைக்கே தெரியும். ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகில் வேலை செய்யும் பிலிப்பு. அவன் பேரை எடுத்தாலே அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

பிலோமினம்மா மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

பிலிப்புவின் காலடியில் பசை இன்னும் காயவில்லை. நகத்தால் கிள்ளினாலே வந்துவிடுவான்.

அம்மா படத்தின் பக்கம் போகவில்லை. மிஞ்சிக் கிடந்த சஞ்சிகையைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, கத்தரிக்கோலோடு மகளிடம் நீட்டினாள்.

"கோயிலுக்குள்ள சாரத்தோடயே நிக்கிறது? பொடியனுக்கு ஒரு கோட்டுச் சூட்டை வெட்டி ஒட்டு."