உள்ளேன் டீச்சர்

வருகைப் பதிவு எடுக்கும்போது “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லி முடிக்க நாலாம் வகுப்பு மாதங்கிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பேச்சு திக்கும். உதடு துடிக்கும், கை பெஞ்சைத் தட்டும். அதுவரை வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே செங்கமலம் டீச்சர் அவள் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவார்.

பிள்ளைகள் கழுத்தில் மாட்டும் பேச்சுத் துணைக் கருவியைச் செய்வதற்கு முன்பு, கம்பெனியிலிருந்து ஒரு பெண் யோசனை கேட்க வந்தாள்.

“திக்குற புள்ளைங்களுக்கு அது குறுக்க பேச வேணாம்மா. கொஞ்சம் காத்திருக்கட்டும், தானா சொல்லிடுவாங்க” என்றார் டீச்சர்.

“கண்டிப்பா மேடம். உங்க கருத்துதான் எங்களுக்கு முக்கியம்.”

கருவி வந்தது. அது காத்திருக்கவில்லை. மாதங்கியின் உதடு துடித்த உடனே, அவள் குரலிலேயே பளிச்சென்று சொல்லி முடித்தது. கொஞ்ச நாளில் அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

ஆண்டுக் கடைசியில் அதே பெண் வகுப்புக்கு வந்து, கருவி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இப்போது ஆசிரியர்களுக்கும் கொடுத்திருந்ததால், டீச்சர் கழுத்திலும் ஒன்று தொங்கியது.

“அந்தப் புள்ள பேச்சையே…” டீச்சர் மாதங்கியைப் பார்த்தபடி ஒரு கணம் நிறுத்தினார்.

“…மாத்திடுச்சும்மா உங்க கருவி. ரொம்ப நன்றி!” என்று டீச்சரின் குரலில் கருவி முடித்து வைத்தது.

அந்தப் பெண் மகிழ்ச்சியோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்தார்கள். முன் பெஞ்சில் மாதங்கி மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.