கடைசி அட்டை

பன்னிரண்டு முறையும் ஸ்ரெல்லா அரசாங்க வேலையைத்தான் தொட்டாள்.

ஒவ்வொரு முறையும் மேசையில் இரண்டு அட்டைகள். ஒன்றில் கம்பனி வேலை, மற்றதில் அரசாங்க வேலை. கம்பனிச் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இளைஞர்கள் எந்த இடத்தில் மனம் மாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தர்மிளாவின் ஆய்வு.

முல்லைத்தீவு மண்டபத்துக்கு அன்று வந்தவர்கள் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் மாறினார்கள். நாயாற்று மீனவக் குடும்பத்துப் பெண் இவள் மட்டும் அசையவில்லை.

உழைக்கப் பஞ்சிப்படுகிற சோம்பேறிப் பிள்ளை என்று தர்மிளா முடிவுகட்டிவிட்டாள்.

கடைசிச் சோடி அட்டைகள் விளையாட்டில்லை, எடுப்பது உண்மையிலேயே கிடைக்கும் என்று விளங்கப்படுத்தினாள். ஒன்று, வவுனியாக் கம்பனியில் திங்கட்கிழமையே தொடங்கும் வேலை. மற்றது, அரசாங்கப் போட்டிப் பரீட்சைக்கு ஆறு மாத இலவச வகுப்பு. சித்தியடைந்தால்தான் வேலை.

ஸ்ரெல்லா வகுப்பைத் தொட்டாள்.

தர்மிளாவால் பொறுக்க முடியவில்லை.

"வீட்டில கஷ்டம் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறீங்கள். கைக்கு வாற வேலையை விட்டுப்போட்டு... பென்சனுக்காகவோ?"

"இல்லை அக்கா."

ஸ்ரெல்லா நிதானமாகச் சொன்னாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தாமல் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க முடியாது. அம்மா புனிதம் அன்றன்றைய மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு ஒன்பது தரம் பஸ் ஏறிப் பிறப்புப் பதிவுக் கந்தோருக்குப் போனார். ஒன்பது தரமும் நாளைக்கு வரச் சொன்னார்களாம்.

"அந்தக் கோபத்திலயோ அரசாங்க வேலைக்குப் போகப் போறீங்கள்?"

"கோபமில்லை அக்கா. அம்மா பத்தாவது தடவை போகேக்க அங்க புதுசா ஒரு அக்கா வேலைக்கு வந்திருந்தவா. அம்மாவுக்குக் கதிரை போட்டு இருத்திப்போட்டு, பத்து நிமிசத்தில எல்லாம் முடிச்சுக் குடுத்தவா. வீட்டை வந்துதான் அம்மா அழுதவா."

தர்மிளாவின் படிவத்தில் காரணத்துக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன: சம்பளம், ஓய்வூதியம், லீவு, பாதுகாப்பு, மரியாதை. பேனா எதிலும் இறங்கவில்லை.

"அந்த அக்கா இப்பவும் அங்கயோ?"

"மாற்றலாகிப் போட்டா. சனம் திரும்பவும் நாளைக்கு, நாளைக்கு எண்டு அலையுது." ஸ்ரெல்லா எழும்பினாள். "அந்த அக்கா இருந்த கதிரைக்கு நான் போறன் அக்கா. என்னட்டை வாறவை ரெண்டாம் தரம் பஸ் ஏறத் தேவையில்லை."